மாப்பிள்ளை வீட்டு மீன்களுக்குப் புதுத் தண்ணீர்

மண்ணூர்
14-11-1991

அம்பத்தூரில் ஷிப்டும் ஓ.டி.யுமாக உழைக்கும் மாப்பிள்ளை வசந்தகுமார் அவர்களுக்கு, மாமனார் தாண்டவராயன் பல ஆசிகளுடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அத்தை முனியம்மாளும் இந்த வரி எழுதும்வரை சுகம். அங்கே நீங்களும், என் மகள் காந்திமதியும், அவள் வயிற்றில் இருப்பதும் சுகமாக இருக்க வேண்டும். மீன்களின் சுகத்தைக் கேட்டால் அதை மெதுவாகத்தான் சொல்ல வேண்டும்.

காந்திமதி தலைப்பிரசவத்துக்கு இங்கே வந்துவிட்டால் மீன்களைப் பார்க்க ஆளில்லை என்று போன வாரமே அவற்றைத் தொட்டியோடு கொண்டுவந்து எங்களிடம் ஒப்படைத்தீர்கள். கிளம்பும்போது, “குழாய்த் தண்ணிய புடிச்சி ஒரு நாள் வாளியில வெச்சிருந்து, அப்புறமா பாதி மட்டும் மாத்துங்க மாமா, அது போதும்” என்றீர்கள். உங்கள் குணம் எங்களுக்குத் தெரியாதா? இரண்டாம் முறை சோறு போட வந்தால் இலைமேல் குப்புற விழாத குறையாக ‘போதும் போதும்’ என்பவர். மாமனார் வீட்டுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாதென்று மீனுக்கும் சேர்த்து ‘போதும்’ சொல்கிறீர்கள் என்று புரிந்துகொண்டோம். முனியம்மாள் ஒரே பிடியாகச் சொல்லிவிட்டாள்: “மாப்ள அப்டித்தான் சொல்வாரு. அதுக்குன்னு அவுரு வூட்டு மீனுக்கு நேத்து புடிச்ச தண்ணியா ஊத்துவாங்க? சம்பந்தியம்மா காதுல வுழுந்தா இன்னா நெனப்பாங்க?”

ஆகவே செவ்வாய்க்கிழமை காலை தெருக்குழாயில் தண்ணீர் வந்ததும் முதல் குடம் மீன்களுக்கே என்று பிடித்து, பழையதைச் சொட்டு விடாமல் கொட்டி, தொட்டி நிறையப் புதுத் தண்ணீர் ஊற்றினோம். மீன்கள் இங்குமங்கும் பாய்ந்தன. “பாரு, இன்னா சந்தோசம்!” என்று முனியம்மாள் கையைத் தட்டினாள். நான் காபி குடித்து, பேப்பரை முழுவதும் படித்துவிட்டு வந்து பார்த்தால் ஐந்து மீனும் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மிதக்கின்றன. மாப்பிள்ளை, அந்தக் காபியும் அதே குழாய்த் தண்ணீரில் போட்டது. எனக்கு உடனே நாக்கு தடித்தது, கண் மங்கியது, பெஞ்சில் படுத்துவிட்டேன். “எய்ந்திருங்க, நானுந்தான் குடிச்சேன்” என்று முனியம்மாள் அதட்டியதில் கவலை இரண்டு மடங்கானது.

சாயங்காலம் எழுந்து நடக்க முடிந்ததும் தெருக்குழாயைத் திறந்துவிடும் பஞ்சாயத்து ஆள் சின்னப்பையனைப் பிடித்தேன். கண்டக்டர் வேலையில் முகத்தைப் பார்த்தே டிக்கெட் எடுக்காதவனைக் கண்டுபிடித்தவன் நான். அவன் முகம் சரியில்லை. “தண்ணியில இன்னாடா கலந்தே?” என்றேன். “மழைக்கு பேதி கீதி வந்துடும்னு ஊர் தண்ணி டேங்குல பவுடர் போட்டுகினுகீறேன் நைனா. கொஞ்சம் வாசன கீது, அவ்ளோதான்” என்றான். தன் வாயாலேயே ஒப்புக்கொண்டான்! ஐந்து உயிரைக் குடித்த பவுடர் அவனுக்கு வாசனையாம். பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாவிடம் சொன்னேன். அவள் தெருவுக்கே சொன்னாள். தெருக்கோடிக்குப் போவதற்குள் அது ஏதோ கம்பெனிக்காரன் கொட்டிய விஷமாகிவிட்டது. இப்போது குழாயடியில் ஈ காக்கை இல்லை. எல்லோரும் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, தூர்வாராத பழைய கிணற்றில் இறைத்துக் குடிக்கிறார்கள். மழையில் அது நிரம்பி வழிகிறது. நிறம் டீ போலத்தான், ஆனால் பவுடர் கிடையாது. நான் அதையும் நம்பாமல் சுங்குவார்சத்திரம் வரை போய்ச் சோடா வாங்கி வருகிறேன். முகம் கழுவுவதும் சோடாவில்தான், கண் எரிகிறது.

அதனால்தான் சொன்னபடி நேற்று காந்திமதியை அழைக்க நான் வரவில்லை. எழுதவே கை வரவில்லை மாப்பிள்ளை, ஆனாலும் எழுதுகிறேன்: அவளை இங்கே அனுப்ப வேண்டாம். பின்கட்டு அறைக்கு வெள்ளையடித்து வைத்திருக்கிறேன். தூளிக்கு முனியம்மாள் தன் பழைய சேலைகளைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறாள். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைக் கூப்பிடாத அப்பன் என்று ஊர் சொல்லட்டும். பயமாக இருக்கிறது. மீன் செத்த தண்ணீரை என் பெண்ணுக்கு எப்படிக் கொடுப்பேன்? சம்பந்தியம்மாவிடம் நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். மீன் விஷயத்தைச் சொல்ல வேண்டாம்.

உங்கள் குலம் தழைத்து, சுகப்பிரசவமாகி, பேரனோ பேத்தியோ நல்ல தண்ணீர் குடித்து வளர மனதார வாழ்த்தும்

தாண்டவராயன்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது வாசலில் ஆட்டோ நின்றது. நான் வரவில்லையே என்று உங்கள் அம்மாவே காந்திமதியை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் இருவரும், செவ்வாய்க்கிழமை பிடித்துக் கொட்டாமல் விட்டிருந்த குடத்துக் குழாய்த் தண்ணீரை ஆளுக்கொரு சொம்பு குடித்துவிட்டார்கள். நான் மீன் செத்ததையும் பவுடரையும் சொல்லி அலறினேன். காந்திமதி காலித் தொட்டியைப் பார்த்தாள். “அய்யோ அப்பா, அது பிளீச்சிங் பவுடரு. நமக்கு நல்லது, மீனுக்குத்தான் ஆவாது. ஒரு நாள் வெச்சா அடங்கிடும். அதுக்குத்தானே அவுரு அப்டி சொன்னாரு?” என்று சொல்லி, மீன்களை நினைத்து அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அதற்குள் கோவிந்தம்மா வீட்டில் கிணற்றுத் தண்ணீரால் எல்லோருக்கும் பேதி என்று செய்தி வந்தது. மூன்று மணியிலிருந்து வீடு வீடாகப் போய்க் குழாய்த் தண்ணீரைக் குடிக்கச் சொல்கிறேன். ஒருவரும் நம்பவில்லை. சின்னப்பையன் எனக்கு எவ்வளவு கொடுத்தான் என்று கேட்கிறார்கள். ஆகவே மேலே எழுதியது எதையும் படிக்க வேண்டாம். ஒன்றை மட்டும் கவனிக்கவும். இனிமேல் மாப்பிள்ளை சொன்ன சொல்லைக் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன் என்று உங்கள் அத்தை சாமி படத்துக்கு முன் சத்தியம் செய்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை இங்கே சாப்பிடும்போது ‘போதும்’ என்ற வார்த்தையை யோசித்துச் சொல்லவும்.