பேச்சியம்மாளின் லத்தீன்

"மாமா, தொட்டியில லார்வா நெளியுது. எங்கம்மாவுக்கு இது ரெண்டாவது மலேரியா."

மயிலாப்பூர் வீட்டின் பின்கட்டுக்குப் பேச்சியம்மாள் குடிவந்து ஆறு மாதம். கொசு ஒழிப்பு ஆபீசுக்கு மூன்று மனு போட்டாயிற்று. ஒரு ஈ, காக்காய் எட்டிப் பார்க்கவில்லை.

வீட்டுக்காரர் கல்யாணராமன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தண்ணி லாரியே வரலை. இருக்கறதையும் கொட்டச் சொல்றியா? லார்வா, லார்வாங்கறியே, அர்த்தம் தெரியுமோ உனக்கு?"

பரம்பரையில் முதல் பி.எஸ்சி. ஜுவாலஜியான பேச்சியம்மாளுக்குச் சுருக்கென்றது.

"ஏன் தெரியாது? லத்தீன்ல பேய்!"

சமையலறையில் பாத்திரம் விழுந்தது. மாமியின் காதில் லத்தீன் ஏறவில்லை, பேய் ஏறிவிட்டது.

அன்று சாயங்காலமே தொட்டிக்குள் எலுமிச்சம்பழம், பூ, மஞ்சள் எல்லாம் இறங்கின. நாலு நாளில் அழுகின. புழு இரண்டு மடங்காயிற்று.

"ஏன்னா, நெறைய நெளியறது!"

"மாமி, அது நெசப் பேய் இல்ல" என்று ஓடினாள் பேச்சியம்மாள். "லத்தீன்ல முகமூடின்னும் அர்த்தம். பின்னால ஆகப்போற உருவத்தை மறைச்சிக்கிட்டு இருக்கும். அதான் அந்தப் பேரு."

"மறைச்சுண்டு..." மாமி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆறு மாசமாத்தானே இந்தாத்துல இருக்கே? உன் பேரு என்ன சொன்னே? பேச்சி... பேய்ச்சி! ஏன்னா!"

கல்யாணராமன் முடிவாகச் சொன்னார். "ஞாயித்துக்கிழமை ஒருத்தர் வரார். பேயை ஓட்டுவார். அது ஓடலேன்னா நீங்க காலி பண்ணிக்கோங்கோ."

போர்வைக்குள் அம்மாவின் பற்கள் தந்தியடித்தன.

ஞாயிறன்று வந்தவருக்கு நெற்றி நிறையக் குங்குமம். ஆனால் பையிலிருந்து வேப்பிலை வரவில்லை; டார்ச் வந்தது. வெள்ளைக் கரண்டியால் தண்ணீரை மொண்டு, உற்றுப் பார்த்து, வாய்க்குள் எண்ணினார்.

"உக்கிரமாத்தான் கீது நைனா. தொட்டியக் காலி பண்ணித் தேச்சு, ஒரு நாள் காயவுடு. வாராவாரம் பண்ணணும். எட்டு நாள்ல உருமாறிப் பறக்கும் இது. தொட்டி வாயில வலை கட்டிடு."

ஆறு மாதமாக வளையாத கல்யாணராமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியோடு தொட்டிக்குள் இறங்கினார்.

எட்டு நாள். வலை. வெள்ளைக் கரண்டி. பேச்சியம்மாளுக்குப் பொறி தட்டியது. வாசலில் மடக்கினாள்.

"யோவ், நீ மந்திரவாதியே இல்ல. யாருய்யா நீ?"

அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உன் மூணு மனுவும் என் டேபிள்லதாம்மா கீது. பேயின்னு எழுதியிருந்தா அன்னிக்கே வந்திருப்பேன்ல?"