அட்டைப்பெட்டிமேல் அமர்ந்த அம்மன்

அன்பு மைத்துனன் ரெத்தினத்துக்கு, பாபநாசம் பக்கத்திலிருந்து அத்தான் சிங்காரவேலு எழுதிக்கொள்வது. சிங்கப்பூரில் நீ, உன் மனைவி, குழந்தைகள் எல்லோரும் சௌக்கியமாயிருக்க அம்மன் அருள் புரிவாளாக. இங்கும் சௌக்கியம் என்று எழுத ஆசைதான். ஆனால் புயலில் வீட்டு ஓடு பறந்துவிட்டது, சம்பா பயிர் தண்ணீரில் கிடக்கிறது, ஊரே பள்ளிக்கூட ஹாலில் படுத்திருக்கிறது. முகாம் கமிட்டிக்குத் தலைவர் நான்தான் என்பது ஒன்றே ஆறுதல்.

நீ இங்கே ஆள் வைத்து வாங்கி லாரியில் அனுப்பிய பெட்டிகள் வந்து சேர்ந்தன. "அக்காகிட்ட குடுத்துடுங்க அத்தான்" என்று போனில் சொன்னாய். தலைவர் நான் இருக்கும்போது அக்காவிடம் ஏன் கொடுக்க வேண்டும்? கோயிலுக்குள் தண்ணீர் புகுந்ததால் உற்சவ அம்மனையும் ஹாலுக்கே தூக்கி வந்திருந்தோம். தரையெல்லாம் ஈரம். உன் பெட்டிகளைப் பிரிக்காமலே அடுக்கி, பட்டு விரித்து, அம்மனை மேலே அமர்த்தினேன். பீடம் பிரமாதம் என்று பூசாரியே சொன்னார். அம்மன் இருக்கிற இடத்தில் வீட்டுக்குத் தூரமான பெண்கள் இருக்கக்கூடாதில்லையா, அவர்களுக்குச் சைக்கிள் கொட்டகையை ஒதுக்கிச் சட்டம் போட்டேன். முதலில் போனவள் என் மருமகள் குந்தவை. நனைந்த துணியோடு சாரலில் கிடந்து அவளுக்கு அடிவயிற்று வலி, கொதிக்கிற காய்ச்சல். சுருண்டு கிடந்தவளைப் பார்த்து நானே நர்சுக்கு ஆளனுப்பினேன்.

நர்ஸ் சஃபியா வந்து பார்த்தார். "ஈரத்துணியோட இருந்தா கிருமி ஏறிடும் சார், கர்ப்பப்பையே பாதிக்கும். இவங்கள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். மத்தவங்களுக்காவது நாப்கின் குடுங்க" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதும் கமிட்டி மொத்தமும் கூரையைப் பார்த்தது. "ஸ்டாக் இல்லம்மா" என்றேன்.

அவ்வளவுதான், உன் அக்கா வள்ளியம்மை எழுந்து, "நானும் தூரம்" என்றாள். ரெத்தினம், அவளுக்கு அது நின்று பல வருஷமாகிறது. இந்த வயசிலயா என்று காதோரம் கேட்டேன். "புயல் அதிர்ச்சி" என்றாள். அவள் பின்னாலேயே பல்லில்லாத தங்கம்மாள் வரை அத்தனை பெண்களும் தூரமாகிவிட்டார்கள். "இத்தன பேருக்குக் கொட்டகை பத்தாது. நாங்க இங்க இருந்துக்கறோம், நீங்க அம்மனத் தூக்கிட்டு அங்க போங்க" என்றாள் உன் அக்கா. நான் போட்ட சட்டம், நானே எப்படி மீறுவது?

அம்மனைத் தூக்கியதும் நமுத்துப்போயிருந்த பெட்டி வாயைப் பிளந்தது. ஹால் முழுக்க நாப்கின் பாக்கெட். இத்தனை நாளும் அதற்கும் சேர்த்துத்தான் கற்பூரம் காட்டியிருக்கிறோம். ஊர் முன்னால் மானம் போயிற்று. இந்த மாதிரிப் பொருளையெல்லாம் ஆம்பளைகள் இருக்கிற இடத்துக்கு அனுப்பலாமா? இனிமேல் தயவுசெய்து எதுவும் அனுப்பாதே.

உன் மனைவியை விசாரித்ததாகச் சொல். குழந்தைகள் நோய்நொடியில்லாமல் வளர என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
சிங்காரவேலு,
முகாம் கமிட்டித் தலைவர்

பி.கு: குந்தவை காய்ச்சல் விட்டு ஹாலுக்குத் திரும்பிவிட்டாள். இப்போது காய்ச்சல் எனக்கு. கொட்டகையில் மனிதன் இருக்க முடியாது, நாலு பக்கமும் சாரல். தலைவர் இப்போது உன் அக்கா. இன்னும் பெட்டிகள் வேண்டுமாம், அவள் பெயருக்கே அனுப்பு. நாங்களும் அம்மனோடு உள்ளே வரட்டுமா என்று வாசலில் நின்று கேட்டேன். "அம்மன் வரட்டும், அவளும் பொம்பளதானே. நீங்க அங்கயே இருங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள்.