கரண்டியாரும் ஒரு மஞ்சள்வால் பாரையும்

மன்னார்ப் பள்ளிமுனையில் ஒரு வீட்டுத் தேநீர்க் கரண்டிகள் ஆறும் குறையாமல் இருக்குமானால், அந்த வீட்டுக்குக் கரண்டியார் இன்னும் வந்ததில்லை என்பதே அதன் பொருள். இதை மறுத்துப் பேச எவரேனும் எழுந்தால், எதிரணியில் நான் இருக்கிறேன்.

அவருக்கு ஞானஸ்நானத்தில் இட்ட பெயரொன்று உண்டு. அதைப் பங்குப் பதிவேடு மட்டுமே அறியும். கரண்டியின் காம்பை அறுத்து, இருமுனையிலும் துளையிட்டு, ஒரு முனையில் வளையமும் மறுமுனையில் தூண்டிலும் கோத்து, உரப்பை நாரால் குஞ்சம் கட்டினால் அது சின்ன மீனாகிவிடும். அதைத் தங்கூசி என்னும் நைலான் நூலில் கட்டி, ஓடும் படகின் பின்னே இழுத்தால் மஞ்சள்வால் பாரை பாய்ந்து கவ்வும் என்பது அவருடைய கொள்கை. ஊர் முழுவதும் வலைக் கட்சி.

எல்லாக் கரண்டியும் அவருக்கு ஆகாது. விருந்துக்குப் போனால் சோற்றைப் பாரார். கரண்டியின் வயிற்றைப் பார்ப்பார். "இது பள்ளம் கூடிப்போச்சு. தண்ணிக்குள்ள சுத்தும், நெளியாது" என்று கீழே வைத்தால் வீட்டுக்காரருக்கு நிம்மதி. தேறியதைச் சோதிக்கும் முறையோ தனி. ஈரமணலில் சைக்கிள் ஓட்டியபடி, ஒரு தடியில் கட்டிய கரண்டியை அலையோரத் தண்ணீரில் இழுத்துப் போவார். தெருநாய்கள் மூன்று அதே வேகத்தில், அதே ஆராய்ச்சி நோக்குடன் பின்னால் ஓடும்.

மீன்தான் வரவில்லை. அவருடைய மனைவி றோஸ் அக்காவின் கலியாணப் பரிசுக் கரண்டிகள் ஆறில் ஐந்து கடலுக்குப் போயின. பிறகு ஒருநாள், பெரியதொரு பாரையைத் தோளில் சுமந்து வெற்றிவீரராக வந்தார். அக்கா மீனின் செவுளைத் திறந்தார். அங்கே வலைநூலின் தடம் வரிவரியாகப் பதிந்திருந்தது.

"இது எங்க பிடிச்சது?"

"கடலிலதான்."

"ஆர் பிடிச்சது?"

அது தலைமன்னாரில் வாங்கிய மீன்.

தீர்ப்பு அங்கேயே வழங்கப்பட்டது. "வாற சனிதான் கடைசி. கரண்டியில மீன் வராட்டித் திங்கள் தொடக்கம் என்ர தம்பியின்ர வலைப் படகில போறியள். உந்தக் கரண்டிப் பெட்டியையும் நானே கடலுக்கை எறிவன். இந்தமுறை சாட்சி வேணும்." பக்கத்து வீட்டு மதிலோரம் நின்ற என் பக்கம் திரும்பினார். "மேடையில பேசுற பொடியன் போகட்டும். அவன்ர வாய் ஒண்டையும் மறைக்காது."

என் நேர்மைக்குக் கிடைத்த முதல் அங்கீகாரம் அது என்றே அன்று கருதினேன்.

சனி காலை பவளப் பாறையான முருகைக்கல் பார் ஓரமாகப் படகு ஊர்ந்தது. இருபுறமும் நீட்டிய மூங்கில்களில் இரண்டு நூல்கள், ஒன்று குறுகியது, மற்றது நீண்டது. நீண்ட நூலின் ஒரு மடிப்பு கரண்டியாருடைய கால் பெருவிரலில்.

"தம்பி, கதைக்கப்படாது. கரண்டி துடிக்கிறது விரலில விளங்கோணும்."

நான் மௌனம் காத்த நேரம் என் வாழ்நாள் சாதனை. ஆனால் படகு வளைந்து வளைந்து போவதை எந்தத் தர்க்கவாதி பொறுப்பான்?

"அண்ணை, நேராப் போனா என்ன?"

"நேராப் போறது பஸ். பயந்த மீன் நேராப் போகுமே?"

இதற்கு மூன்று மறுப்புகள் என்னிடம் இருந்தன. முதலாவதைச் சொல்ல எழுந்து நின்று, வலக்கையை உயர்த்தினேன். அலையொன்று குறுக்கிட்டது. எஞ்சின் பிடியின் மேல் விழுந்தேன். படகு இடப்பக்கம் வெடுக்கென்று திரும்பியது. வளைவின் உட்பக்கம் அகப்பட்ட நீண்ட நூல் தொய்ந்தது; கரண்டி ஆழத்துக்கு இறங்கியது.

"கெடுத்திட்டியே!" என்றவர் படகை நேராக்கினார். தொய்ந்த நூல் நிமிர, இறங்கிய கரண்டி மேலெழுந்தது. அந்த நொடியில் நூல் இறுகி அவருடைய பெருவிரல் நீலமானது.

"ஐயோ மாதாவே, விரல்! விடாதை, பிடி தம்பி, பிடி!"

மீனைச் சொன்னாரா, விரலைச் சொன்னாரா என்பது இன்றுவரை தெளிவாகவில்லை. இரண்டையும் பிடித்தேன். நெடுநேரம் மல்லாடிய பின், மஞ்சள் வால் படகின் அடித்தட்டில் அடித்தது. அவர் சிரிக்கவில்லை. அதன் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

முற்றத்தில் நான் சாட்சியுரைக்குத் தொண்டையைச் செருமினேன். அக்கா என்னைக் கையமர்த்திவிட்டுச் செவுளைத் திறந்தார். தடமில்லை. வாயைத் திறந்தார். உள்ளே, அலுமாரியில் இருந்திருக்க வேண்டிய ஆறாவது கரண்டி.

"என்ர கடைசிக் கரண்டி!"

கரண்டியார் வீங்கிய விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா கரண்டியைப் பிடுங்கி, சட்டை நுனியால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவரிடமே நீட்டினார். "குஞ்சம் அறுந்துபோச்சு. அடுத்தமுறை இறுக்கிக் கட்டுங்கோ."

அன்று எனக்குத் தேநீர் கலக்காமலே வந்தது. "சீனி அடியில கிடக்கு, தம்பி. கலக்கிறதுக்கு இந்த வீட்டில என்ன இருக்கு?" என்றார் அக்கா.

சென்ற மாதம் கொழும்பில் ஒரு விவாதப் போட்டியில் வென்றேன். விருந்துக்குப்பின் ஊர் திரும்பிய பஸ்ஸிலே கேடயத்தை மறந்து இறங்கிவிட்டேன். ஆனால் விருந்து மேசையிலிருந்து சட்டைப்பைக்கு வந்ததை மட்டும் மதவாச்சியிலிருந்தே தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தேன்: அளவான வயிறுள்ள ஒரு தேநீர்க் கரண்டி.