பதினோரு வருட நோயாளி

“கட்டில்ல படுத்துக்கிட்டு லேசா இருமினா போதும். ரெண்டே மணி நேரம்” என்றார் கிளார்க்.

வாட்ச்மேன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். மருந்துப் பெட்டிகளை லாரியிலிருந்து தனியாளாக இறக்கிவிட்டு அப்போதுதான் வந்து நின்றிருந்தார்.

“எனக்கு என்ன சார் நோய்?”

“எல்லா நோயும்தான்” என்றார் கிளார்க். குரல் உள்ளே போய்விட்டது.

விஷயம் இதுதான். கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு தமிழ்ச் சபை நடத்திய மிஷன் அது. சின்னதாக ஒரு கோயில், அதை ஒட்டிப் பன்னிரண்டு கட்டில் ஆஸ்பத்திரி. யார் யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று அந்தச் சபைக்கு மாதாமாதம் எழுதி அனுப்புவது கிளார்க்கின் வேலை. பதினோரு வருடத்துக்கு முன் வாட்ச்மேன் நிமோனியாவில் கிடந்தார். ‘பிழைப்பது கடினம், ஜெபியுங்கள்’ என்று கிளார்க் எழுதிப் போட்டார். வாட்ச்மேன் பத்தே நாளில் எழுந்து கேட்டுக்குப் போய்விட்டார். ஆனால் அதற்குள் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்துவிட்டது.

‘தினமும் காலை ஐந்து மணிக்கு அந்தச் சகோதரனுக்காக முழங்காலில் நிற்கிறேன். இப்போது எப்படி இருக்கிறார்? நீங்களும் வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள், தம்பி.’

கிளார்க்குக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. கூடப் பிறந்தவர்களும் இல்லை. சாப்பிட்டாயா என்று அவரைக் கேட்க இந்த உலகத்தில் ஓர் ஆள் இருக்கவில்லை. வாட்ச்மேன் குணமாகிவிட்டார் என்று எழுதினால் அடுத்த கடிதம் எதற்கு வரும்? ‘பரவாயில்லை, இருமல் மட்டும் விடவில்லை’ என்று எழுதினார். அந்த இருமல் மூன்று வருடம் விடவில்லை. இருமல் அலுத்ததும் மூட்டுவலி வந்தது, பிறகு குடலிறக்கம். ஒருமுறை டீச்சர் இரண்டு மாதம் எழுதாமல் போகவே, பதறிப்போய் வாட்ச்மேனுக்கு மாரடைப்பையே வரவழைத்துவிட்டார். உடனே பதில் வந்தது. ‘நானும் கொஞ்சம் படுத்திருந்தேன். உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டேன்.’

இன்று அந்த டீச்சரே மகளோடு வருகிறார், வாட்ச்மேனைக் கண்ணால் பார்த்து ஜெபித்துவிட்டுப் போக.

“இத்தனை வருஷம் ஏமாத்தினேன்னு தெரிஞ்சா அந்தம்மா மனசு ஒடைஞ்சுடும். என்னையும் இங்க ஒரு நாள் வச்சிருக்க மாட்டாங்க” என்றார் கிளார்க். கண் கலங்கியிருந்தது.

“கேட்டை யாரு பாக்கறது?”

“நான் பாக்கறேன்.”

வாட்ச்மேன் தன் தொப்பியைக் கழற்றி அவர் தலையில் வைத்துவிட்டு உள்ளே போனார். ஜன்னலோரக் கட்டில், வெளுத்த விரிப்பு, மேலே ஃபேன். இரும வேண்டும் என்பதை மறந்து ஐந்து நிமிடத்தில் தூங்கிப்போனார்.

குறட்டை வந்தது. சாதாரணக் குறட்டை இல்லை. வேலைக்குப் புதிதாக வந்திருந்த நர்ஸ் மூச்சுத் திணறல் என்று நினைத்து மூக்கில் ஆக்ஸிஜன் மாஸ்க்கை மாட்டிவிட்டு டாக்டரம்மாவைக் கூட்டிவர ஓடினாள். கிளார்க் கேட்டைப் போட்டது போட்டபடி விட்டு வார்டுக்கு ஓடிவந்தார்.

“காலையில பெட்டி தூக்கிட்டிருந்தாரே, என்ன ஆச்சு?” என்றார் டாக்டரம்மா.

“நெஞ்சு வலிக்குதுன்னார் டாக்டர்” என்று கிளார்க் வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

சொல்லியிருக்கக் கூடாது. டாக்டரம்மா ஊசியை எடுத்தார். வாட்ச்மேன் அலறிக்கொண்டு விழித்தார். அலறலைக் கேட்டு ஓடிவந்த போதகர், மாஸ்க்கும் ஊசியுமாக அவர் கிடந்த கோலத்தைப் பார்த்து, ஆள் போய்க்கொண்டிருக்கிறார் என்றே முடிவுகட்டி, கோயில் மணியை அடிக்கச் சொன்னார். வெளி நோயாளிகள் அத்தனை பேரும் வார்டில் கூடிவிட்டார்கள். அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டுதான் டீச்சர் உள்ளே வந்தார்.

ஒல்லியான உருவம். மகளின் தோளைப் பிடித்தபடி மெல்ல நடந்து வந்து, வேண்டாம் வேண்டாம் என்று மகள் தடுக்கத் தடுக்கக் கட்டிலுக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் முழங்காலிட்டார்.

“ஆண்டவரே, இந்தப் பிள்ளையோட நிமோனியாவை நீர் அறிவீர்” என்று தொடங்கினார். இருமலைச் சொன்னார். வலது மூட்டு, இடது மூட்டு, குடலிறக்கம் எல்லாவற்றையும், வந்த வருடத்தோடு, ஒன்றையும் விடாமல் சொன்னார். தனக்கு இத்தனை வந்திருக்கிறதா என்று வாட்ச்மேன் வாயைப் பிளந்தார். டாக்டரம்மா மெல்லத் திரும்பிக் கிளார்க்கைப் பார்த்தார். கிளார்க் தரையைப் பார்த்தார்.

ஜெபம் முடியவில்லை, அதற்குள் டீச்சர் அழத் தொடங்கிவிட்டார். தனக்காக ஒருவர் இப்படி அழுது வாட்ச்மேன் கண்டதில்லை. அவரால் தாங்க முடியவில்லை. மாஸ்க்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு எழுந்து, டீச்சரைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார்.

“அழாதீங்கம்மா! எனக்கு ஒண்ணுமில்ல! நல்லாயிட்டேன்!”

கூட்டம் “ஸ்தோத்திரம்!” என்று கூவியது. போதகர் பாட்டை ஆரம்பித்தே விட்டார். டீச்சர் வாட்ச்மேனின் கையைத் தடவித் தடவிப் பார்த்துச் சிரித்தார்.

“போதும்ப்பா. என் வேலை முடிஞ்சது” என்றார். இதைக் கேட்டு மகள் முகம் வெளுத்ததைக் கிளார்க் மட்டும் கவனித்தார்.

மகள் வெளியே போய் வார்டின் திறந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கிளார்க் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

“ஒரு உண்மையைச் சொல்லிடறேம்மா. அவருக்கு நோயே இல்ல. பதினோரு வருஷமா நான்தான் பொய் எழுதினேன். உங்கம்மா கடிதம் நின்னுடக் கூடாதுன்னு...”

“அது பொய்யா, நிஜமான்னு நான் கேட்டேனா?” மகளின் குரல் உடைந்தது. “அவரை ஏன் எழுந்திருக்க விட்டீங்க?”

கிளார்க்குக்குப் புரியவில்லை.

“பதினோரு வருஷத்துக்கு முன்னாடி, அம்மாவுக்கு மூணு மாசம்தான்னு டாக்டருங்க கையை விரிச்சிட்டாங்க. அந்த வாரம்தான் சபையில உங்க கடிதத்தைப் படிச்சாங்க. ‘அந்த மனுஷன் எழுந்து நிக்கிற வரைக்கும் எனக்குச் சாக நேரமில்ல’ன்னு அம்மா சொல்லிட்டாங்க. அதைச் சொல்லிச் சொல்லித்தான் இத்தனை வருஷம் ஓட்டினாங்க. இப்ப நிக்கிறாரே!”

உள்ளே பாட்டு முடிந்திருந்தது. ஜன்னலோரக் கட்டில் கிரீச்சிட்டது. யாரோ பொத்தென்று படுத்த சத்தம். அதைத் தொடர்ந்து வாட்ச்மேனின் குரல் இருமலோடு வந்தது.

“டீச்சரம்மா... எங்கயும் போயிடாதீங்க. மறுபடி நெஞ்சை அடைக்குது!”