சட்டையில் ஒட்டிய மாவு

கொளஞ்சிநாதனின் சட்டை அன்றைக்கும் வெள்ளாவியில் வைத்து எடுத்தது மாதிரி சுத்தமாக இருந்தது. வேலை போனதை மறைக்கிற மனுஷனுக்கு அதைவிடப் பெரிய ஆபத்து வேறென்ன வேண்டும்?

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைப் பட்டறைக்குப் போகிறவன் வெள்ளை மாவு ஒட்டாமல் வீடு திரும்ப முடியாது. பகலில் அவனுக்கு ஜவுளிக்கடையில் துணி விரித்துக் காட்டும் வேலை. அது வாடகைக்கே சரி. சாயங்காலம் பட்டறையில் காய்ந்த பொம்மைகளை உப்புத்தாளால் தேய்ப்பான். வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தக் காசில்தான். போன மாசம் முதலாளி அன்புச்செல்வன், அவன் முகத்தைப் பார்க்காமலே, "ஆர்டர் இல்ல கொளஞ்சி, நாளையிலேர்ந்து வராதப்பா" என்று சொல்லிவிட்டார். மற்ற எல்லாரையும் வைத்துக்கொண்டு இவனை மட்டும் நிறுத்தினார். அதுதான் அவனுக்கு ஆறவில்லை.

மனைவி அம்புஜவல்லியிடம் அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கலாம். வாய் வரவில்லை.

சாயங்காலம் ஜங்ஷனில் உட்கார்ந்து ரயில் பார்ப்பான். பிறகு பட்டறைக்குப் பின்னால் கொட்டிக் கிடக்கும் மாவை இரண்டு கை அள்ளிச் சட்டையில் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவான். தட்டத் தட்ட இருமல் ஏறியது. வேலை செய்த காலத்திலாவது மூக்கில் துண்டு கட்டியிருந்தான், புண்ணியவான்.

"இன்னிக்கும் இம்மாந் தூசா?" சட்டையை உதறும்போது அம்புஜத்தின் முகம் சுண்டிப்போகும்.

"வேலைன்னா அப்டித்தான்."

"இருமிக்கிட்டே சொல்லாதீங்க."

சம்பள நாள் வந்தது. ரிப்பேர் என்று மிக்ஸியைத் தூக்கிப்போய்ப் பழைய சாமான் கடையில் தள்ளிவிட்டு, அந்தக் காசை அவள் கையில் வைத்தான். அவள் சிரிக்கவில்லை.

"மொதலாளி குடுத்தாரா? நெசமாவா?"

"பின்ன, ரோட்லயா கெடக்குது?"

மிக்ஸி இல்லாத வீட்டில் அவன் இருமலுக்குச் சுக்கும் மிளகும் திப்பிலியும் அவள் கையாலேயே இடித்தாள். அந்தக் கஷாயத்தைக் குடிக்கும்போது அவனுக்கு நெஞ்சு எரிந்தது. மிளகு மட்டும் காரணமில்லை.

"எப்பங்க வரும் மிக்ஸி?"

"மெக்கானிக்கு கருவேப்பிலங்குறிச்சி போயிருக்காரு. மாமியா வூட்டு விசேஷம்."

"இத்தினி நாளா விசேஷம்? அந்தாளு மேல கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டிடறேன்!"

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் குறையை எழுதிக் கட்டிவிட்டால் சாமியே விசாரித்துத் தீர்ப்புச் சொல்லிவிடும். விசாரித்தால் யார் மாட்டுவது? அதுவும் அவர் பேரையே வைத்துக்கொண்டு!

மறுநாளே டேபிள் ஃபேனை "காயில் போச்சு" என்று தூக்கிப்போய்க் கொடுத்து மிக்ஸியை மீட்டான். நல்ல கத்திரி வெயில். வியர்வையும் இருமலுமாகப் புரண்டவனுக்கு அவள் அட்டையால் விசிறிக்கொண்டே சொன்னாள்:

"நாளைக்கிப் பிராது விஷயமா ஒரு எடத்துக்குப் போறேன்."

"மிக்ஸிதான் வந்துடுச்சே! யாரு மேல பிராது?"

அவள் அட்டையை மறு கைக்கு மாற்றி விசிறினாள்.

இனித் தாங்காது, இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று மறுநாள் சாயங்காலம் முடிவு கட்டினான். இருந்தாலும் பழக்க தோஷம், பட்டறைக்குப் பின்னால் போய்க் கடைசியாக ஒரு தடவை மாவை அள்ளினான்.

"யாரது, கொளஞ்சியா?" பட்டறை பெருக்கும் வீராயி துடைப்பத்தோடு நின்றாள். "வேலைய வுட்டு மாசமாவுது, இங்க என்னாய்யா பவுடர் போட்டுக்கிட்டு நிக்கிற?"

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. மிக்ஸி, ஃபேன் எல்லாவற்றையும் கொட்டினான்.

"அடுப்பெரிக்கக் காசில்லாத புருஷன்னு அவ ஒரு நாளு கூட நெனச்சிடக் கூடாதுக்கா, அதான்..." மிச்சத்தை இருமல் தின்றது.

பட்டறைக்குள் ஏதோ பெரிய சண்டைச் சத்தம். வீராயி துடைப்பத்தைக் கீழே போட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அட பாவி மனுஷா! 'இந்தத் தூசு அவரு நெஞ்சுக்கு ஆவாது, நிறுத்திடுங்கன்னு போன மாசமே கையெடுத்துக் கும்பிட்டேனே, இன்னும் ஏன் நிறுத்தல, ஒங்க மேல பிராது கட்டுறேன்'னு, நீ நேத்துப் போட்ட சட்டைய மொதலாளி மேச மேல உதறிக் காட்டிக்கிட்டு நிக்கிறது ஒம் பொண்டாட்டிதான்யா!"