நவக்கிரகமும் நடுவாய்க்கால் ஷட்டரும்

உலகத்தில் வேகத்தைக் கூட்டுவதற்காகப் பிறந்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். குறைப்பதற்கென்றே பிறந்தவர் ஒருவர்தான். அவர் மன்னார்குடியில், நான் குடியிருந்த மாடி அறைக்கு நேர் கீழே மோட்டார் கடை வைத்திருந்தார். அவருக்கு ஒரு பெயர் இருந்தது. ஆனால் அது ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். ஊருக்கு அவர் நவக்கிரகம்.

நான் தாலுகா ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்த புதிது. ஆட்சி மாறியிருந்தது. ஒரு பக்கம் குத்தகைப் பதிவு, இன்னொரு பக்கம் கூலிப் போராட்டம், நடுவில் கொடி, கோஷம், போலீஸ் வேன் என்று தாலுகாவே கொதித்துக்கொண்டிருந்தது. வாரத்துக்கு நாலு சமாதான ஒப்பந்தம் டைப் அடிப்பேன். நாலும் மறு வாரம் திருத்தத்துக்குத் திரும்பி வரும்.

நவக்கிரகம் தீவிரப் பகுத்தறிவாளர். கறுப்புச் சட்டை. சாமி கிடையாது, ஜோசியம் கிடையாது. தினமும் சரியாக ராகு காலத்தில்தான் கடை திறப்பார். அதற்காக விடிந்ததும் காலண்டரில் ராகு காலம் பார்ப்பார். ஆறு மாதத்தில் ஊர்க் குருக்களைவிட அவருக்குத்தான் பஞ்சாங்கம் மனப்பாடமாகியிருந்தது.

பட்டப்பெயர் வந்ததற்குக் காரணம் ஒரு தகரப் பெட்டி. முத்துப்பேட்டைக்காரர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து ஏதோ டேப் ரிக்கார்டர் சாமான் என்று நம்பி வாங்கிவந்து, வீட்டில் திட்டு வாங்கி, இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். உள்ளே கொய்யாப்பழ அளவில் முப்பது மோட்டார்கள். ஒவ்வொன்றின் மூக்கிலும் உருண்டையாக ஒரு கியர் பெட்டி. அன்றைக்கே ஒன்றைப் பிரித்து எனக்குப் பாடம் எடுத்தார்.

"நடுவுல இருக்கு பாரு, இந்தப் பல்சக்கரம்தான் சூரியன். தலைதெறிக்கச் சுத்தும். அதைச் சுத்தி மூணு கிரகம். வெளியில அசையாத வளையம். கிரகம் மூணும் வளையத்தோட பல்லைப் பிடிச்சுக்கிட்டு நிதானமா சூரியனைச் சுத்தி வரும். இந்த மாதிரி நாலு அடுக்கு. பின்னால மோட்டார் ஆயிரம் சுத்து சுத்தினா, முன்னால தண்டு ஒரே ஒரு சுத்து. ஓட்டம் குறையக் குறைய பலம் ஏறும். புரியுதா டைப்பிஸ்ட்?"

"புரியுது சார்" என்றேன். சம்பளம் வாங்கும் இடத்தில் பழகிய பொய்.

'கிரக கியர் மோட்டார் பழுது பார்க்குமிடம்' என்று போர்டு எழுதச் சொன்னார். பெயின்டர் 'கிரக' என்பதை யானை அளவில் எழுதிவிட்டு, இடம் போதாமல் மற்றதைக் கடுகளவில் முடித்தார். மறுநாளே பாமணியிலிருந்து ஓர் அம்மாள், மகள் ஜாதகத்தோடு வந்து நின்றாள். இவர் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு ஒரு மோட்டாருக்குள் குனிந்திருந்தார்.

"எந்தக் கிரகம் சரியில்லைங்க?"

வந்தது வாடிக்கை என்று நினைத்து, நிமிராமலே சொன்னார். "மூணாவதுங்க. பல்லு போயிருக்கு. மாத்திட்டா ஓடிரும்."

அம்மாள் ஜாதகத்தில் மூன்றாவது கிரகம் எது என்று எண்ணிப் பார்த்து, அதற்குரிய கோயிலுக்குப் போய் விளக்குப் போட்டாள். இரண்டு மாதத்தில் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, ஒரு தூக்கு நிறைய அதிரசத்தோடு வந்தாள். நவக்கிரகம் இடிந்துபோனார். "ஒரு பகுத்தறிவாளனுக்கு இதைவிட அவமானம் உண்டா டைப்பிஸ்ட்?" என்று புலம்பியபடியே ஏழு அதிரசம் தின்றார்.

அடுத்தது மந்திரி மாலை. நெல் கிடங்கு திறக்க மந்திரி வந்தார். மேடையில் மேலிருந்து மாலை தானாக இறங்கி அவர் கழுத்தில் விழ வேண்டும் என்று விழாக் குழுவுக்கு ஆசை. நவக்கிரகம் மோட்டாரை மாட்டினார். மந்திரி மைக் முன்னால் வந்ததும் பட்டனைத் தட்டினார். மாலை இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. நில உச்சவரம்புச் சட்டம் மின்னல் வேகத்தில் அமலாகும் என்று மந்திரி முழங்கியபோது மாலை உச்சந்தலைக்கு இரண்டு முழம் மேலே இருந்தது. ஏழைகளுக்குப் பட்டா வீடு தேடி வரும் என்றபோது ஒன்றரை முழம். முக்கால் மணி நேரம் கழித்து, நன்றி வணக்கம் சொல்லும்போது சாமந்திப் பூ அவர் மூக்கை நிமிண்டியது. தும்மிக்கொண்டே இறங்கிப் போனார்.

குழுத் தலைவர் பாய்ந்து வந்தார். "யோவ், கொஞ்சம் வேகமா இறக்கியிருக்கக் கூடாதா?"

"சட்டம் வர்ற வேகத்துக்கு செட் பண்ணச் சொன்னீங்கன்னு நெனச்சேங்க."

இப்படிப்பட்ட மனிதரைத்தான் தாசில்தார் ஒரு நாள் கூப்பிட்டனுப்பினார். வேறு வழியில்லை. நடுவாய்க்கால் மதகு ஷட்டர் விவகாரம் முற்றிப்போயிருந்தது. ஷட்டர் மூடியிருந்தால் தண்ணீர் மேலே உள்ள பண்ணை நிலத்துக்கு ஏறும். திறந்தால் கடைமடையில் இருக்கும் குத்தகைக்காரர்களுக்குப் போகும். முறை வைத்துக் கொடுத்தும், பண்ணை ஆட்கள் வந்து திருகி மூடுவார்கள், கடைமடை ஆட்கள் வந்து திருகித் திறப்பார்கள். அந்த மாதம் மட்டும் இரண்டு மண்டை உடைந்திருந்தது. கடைமடையில் நாற்று காய்ந்துகொண்டிருந்தது.

நவக்கிரகம் ஷட்டரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கையால் திருகும் சக்கரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, அதன் திருகு தண்டில் தன் கொய்யாப்பழ மோட்டாரைப் பூட்டினார். காலையில் சுவிட்சைப் போட்டால் தானாக ஏறும், சாயங்காலம் தானாக இறங்கும். பேட்டரி பண்ணை டிராக்டருடையது. அதற்குக் காவல் கடைமடைக்காரர்களின் சங்கத்து ஆள். இரு தரப்பும் நம்பியது அந்த ஏற்பாட்டை மட்டும்தான்.

முதல் நாள் காலை இரு கரையிலும் இருநூறு பேர். கையில் தடி, அரிவாள். நடுவில் தாசில்தாரும், ஒப்பந்தக் காகிதத்தோடு நானும். தாசில்தார் சுவிட்சைப் போட்டார். தேனீ மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான்.

"ஓடுதா?" என்றார் கடைமடைத் தலைவர் வீரையன்.

"ஓடுது" என்றார் நவக்கிரகம்.

"எங்கங்க ஓடுது? நின்ன எடத்துலயே நிக்குது!"

"பொறுமையா பாருங்க. ஓடுது."

பண்ணைக் காரியஸ்தர் சிரித்தார். அவர் ஆறு மூட்டை கனமான மனிதர். ஷட்டர் பலகையின் தலையில் முழங்கால் உயரத்தில் ஒரு குறுக்குக் கட்டை இருந்தது. அதன்மேல் போய்ச் சப்பென்று உட்கார்ந்தார். "இந்தக் கொய்யாக்கா என்னைத் தூக்கிட்டுத் தண்ணி விடுமா? நானும் பாக்கறேன்!"

வீரையன் ஆட்கள் பாய்ந்தார்கள். பண்ணை ஆட்கள் தடியை ஓங்கினார்கள். தாசில்தாருக்கு வாய் குழறியது. நவக்கிரகம் மட்டும் கையை உயர்த்தி, "அவரு உக்காரட்டுங்க. வயசானவரு" என்றார்.

காரியஸ்தர் உட்கார்ந்தபடியே பேச ஆரம்பித்தார். பண்ணையின் நாலு தலைமுறைப் பெருமை, கடைமடைக்காரர்களின் நன்றிகெட்டத்தனம், எல்லாம் பேசினார். வீரையனும் விடவில்லை. அவர்கள் அப்பன் பாட்டன் அடிபட்ட கதையெல்லாம் வெளியே வந்தது. ஒரு மணி நேரம் ஆயிற்று. வெயில் ஏறியது. ஓங்கிய தடியை எத்தனை நேரம் ஓங்கியே வைத்திருக்க முடியும்? ஒருவர் ஊன்றிக்கொண்டார், ஒருவர் குத்தவைத்தார். யாரோ டீ சொன்னார்கள்.

அப்போதுதான் பண்ணை ஆட்களிலேயே ஒருவன் மெல்லக் கூப்பிட்டான்.

"ஐயா..."

"என்னடா?"

"உங்க காலு தரையில இல்லீங்களே."

காரியஸ்தர் குனிந்து பார்த்தார். இரண்டு காலும் ஊஞ்சலில் உட்கார்ந்த குழந்தையுடையதுபோல அந்தரத்தில் ஆடின. அவருக்குக் கீழே, பலகைக்கடியில், தண்ணீர் சலசலவென்று கடைமடைக்குப் போய்க்கொண்டிருந்தது. முதலில் சிரித்தது பண்ணை ஆட்கள்தான். பிறகு இரு கரையும் சிரித்தது. இறங்கத் தெரியாமல் அவர் தவிக்க, வீரையனே கை கொடுத்து இறக்கிவிட்டார். அப்படிச் சேர்ந்து சிரித்துவிட்ட ஆள்மேல் அரிவாள் வீச யாருக்கும் கை வரவில்லை. வழக்கு என்னவோ தீரவில்லை. அது கோர்ட்டில் ஊர்ந்தது. ஆனால் நான் மாற்றலாகிப் போகும்வரை அந்த ஷட்டரில் இன்னொரு மண்டை உடையவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் நவக்கிரகத்தின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினார்.

"எங்க ஊர்லயும் இப்படி ஒரு மடை. பட்டப்பகல்ல நடந்துச்சு. என் தம்பி மண்வெட்டியோட வாய்க்கால்ல நின்னான். எதிர்ல நாலு பேரு. நான் வரப்புல ஓடி வந்துகிட்டுத்தான் இருந்தேன். கண்ணுக்கு எட்டுற தூரம்தான். நான் வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. அவ்வளவு வேகம்."



மன்னார்குடி வந்தது. அதுவரை அவரை நான் 'சார்' என்றுதான் கூப்பிட்டுவந்தேன். முன்னால் இறங்கி, அவர் கைப்பையை வாங்கிக்கொண்டு, "படி உசரமா இருக்கு, பாத்து எறங்குங்கண்ணே" என்றேன்.