சீம்பால் பற்றி இரண்டு மணி நேரம்

பயிற்சி கொடுப்பவன் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் அலுவலகத்துக்கும் வந்திருப்பான். கழுத்தில் அடையாள அட்டை, கையில் சிவப்புப் புள்ளி அடிக்கும் விளக்கு, முகத்தில் உங்களையெல்லாம் கரையேற்ற வந்தவன் என்ற களை. எனக்கு அவனை நன்றாகத் தெரியும். தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன்.

பால் பண்ணை ஊழியர்களுக்குப் பிறந்த கன்றைப் பேணுவது எப்படி என்று பதினெட்டு வருடமாகச் சொல்லித் தருகிறேன். தொப்புள்கொடிக்கு மருந்து வைக்கப் பதினொரு படம், தீவனத்துக்கு இருபது, ஈன்றதும் சுரக்கும் சீம்பாலுக்கு மட்டும் நாற்பத்திரண்டு என்று கணினியில் அடுக்கி வைத்திருக்கிறேன். 'நீங்கள் உங்கள் கையால் பால் புகட்டிய கன்றுகள் எத்தனை?' என்கிறீர்களா? அதை ஏன் கேட்கிறீர்கள்!

விடியுமுன்னே எழுந்து பால் கறந்துவிட்டு வந்து உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து, "எல்லாரும் உற்சாகமா இருக்கீங்களா?" என்போம். பதில் போதாது என்று மறுபடியும் கேட்போம். கைப்பேசிகளை அட்டைப்பெட்டியில் போடச் சொல்லி, கதவைச் சாத்தி, "சந்தேகமெல்லாம் கடைசியில" என்று அறிவிப்போம். கடைசியில் நேரம் இருக்காது. அது எங்கள் தொழில் ரகசியம்.

போன மாதம் ஒரு பண்ணையில் இப்படித்தான் கதவைச் சாத்தினேன். "கன்னு பொறந்த முதல் ரெண்டு மணி நேரம்! அதுக்குள்ள சீம்பால் உள்ள போகணும். ஒவ்வொரு நிமிஷமும் உயிர்!" என்று மேசையைத் தட்டினேன். பின்வரிசையில், கன்றுக் கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா கையைத் தூக்கினார்.

"சார், ஒரு நிமிஷம்..."

"கடைசியில கேளுங்கக்கா."

பதினைந்தாவது படத்தில் மறுபடியும் கை. என்ன ஆர்வம் பாருங்கள் என்று மற்றவர்களுக்கு அவரை உதாரணம் காட்டி, கைதட்ட வைத்தேன். முப்பதாவது படத்தில் அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"சார், காலையில ஒரு மாடு கன்னு போட்டுச்சு. தொடச்சு, தாய்கிட்டேருந்து பிரிச்சு வச்சேன். சீம்பால் கறக்கிறதுக்குள்ள, ஒன்பதரைக்குக் கதவைச் சாத்திடுவாங்கன்னு மேனேஜர் விரட்டிட்டாரு. இப்ப மணி பதினொன்னரை."

கதவை நானே திறந்தேன். வகுப்பு மொத்தமும் கொட்டகைக்கு ஓடியது. வைக்கோல்மேல் அந்தக் கன்று தலையைக் கூடத் தூக்காமல் கிடந்தது, காது சில்லிட்டிருந்தது. பாவி நான், உன்னைப் பட்டினி போட்டுவிட்டு உன்னைப் பற்றித்தானே பேசிக்கொண்டிருந்தேன் என்று தலையில் அடித்துக்கொண்டேன். அக்கா மளமளவென்று கறந்து புட்டியில் ஊற்றினார். பிராயச்சித்தம் செய்யும் வேகத்தில் நான் அதைப் பிடுங்கி, கன்றின் முகத்தை வானம் பார்க்க அண்ணாத்தினேன்.

"ஐயோ சார், அப்படித் தூக்காதீங்க! பால் மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். நீங்கதானே படம் போட்டுக் காட்டுனீங்க!"

காட்டினேன்தான். இருபத்தேழாவது படம்.

அவர் என்னை ஓரமாகத் தள்ளிவிட்டு, கன்றை நிமிர்த்தி உட்கார வைத்து, வாய்க்குள் விரலை விட்டார். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்த வாய் மெல்லச் சப்பியது. விரல் போய்ப் புட்டி வந்தது. பாதிப் புட்டி காலியானபோது வால் ஆடியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அதோடு திருந்தினேனா? எங்கள் இனமா திருந்தும்? கையைக் கழுவிக்கொண்டு, "முதல் ரெண்டு மணி நேரம் எவ்வளவு முக்கியம்னு இப்ப நேரிலேயே பாத்தீங்கல்ல?" என்று விட்ட படத்திலிருந்து ஆரம்பித்தேன். கருத்துப் படிவத்தில் எல்லோரும் 'மிகவும் பயனுள்ளது' என்று எழுதினார்கள். அக்கா மட்டும், 'மாடு கன்று போடாத நாளாகப் பார்த்து வைக்கவும்' என்று எழுதியிருந்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்கத் தொடங்கியதிலிருந்து பக்கத்து அறையிலிருந்து யாரோ உங்களை இரண்டு முறை கூப்பிட்டாயிற்று. நீங்களும் தலையைத் தூக்காமலே "இரு, முடிச்சிட்டு வரேன்" என்றீர்கள். எழுந்து போய் என்னவென்று கேளுங்கள், சார்.